இரட்டைக் குழந்தையை எங்கே படுக்க வைப்பது?



எனக்கு இன்னும் குழந்தை இல்லை என்று சிரிக்காதீர்கள். நர்ஸம்மாவிடம் கேட்டுத்தான் சொல்கிறேன்.

வீட்டில் தூளி ஒன்று. குழந்தை இரண்டு. இரண்டையும் அதில் போடலாமா? வேண்டாம். தூளியில் உடம்பு வளையும். முகவாய் நெஞ்சில் முட்டும். மூச்சு அடைக்கும். ஒன்றின் மேல் ஒன்று சரிந்தால் அழக்கூட முடியாது.

பாட்டிமார் கோபிக்காதீர்கள். நம்மை எல்லாம் தூளிதான் வளர்த்தது. ஆனால் இரட்டைக் குழந்தைகள் பல நேரம் இரண்டரைக் கிலோகூட இருக்காது. கழுத்தில் பலம் இருக்காது.

தரையில் பாய் விரியுங்கள். மேலே ஒரு துணி, சுருக்கம் இல்லாமல். மெத்தை, தலையணை வேண்டாம். இரண்டையும் மல்லாக்கப் படுக்க வையுங்கள். நடுவில் இடம் விடுங்கள். முகத்தை மூடாதீர்கள். அம்மா கை எட்டும் தூரத்தில் வேறு பாயில் படுக்கட்டும். களைப்பில் புரண்டுவிடுவாள், பாவம். குடித்தவர் பக்கத்தில் படுக்கவே கூடாது.

குளிருமே என்பீர்கள். விழித்திருக்கும்போது வெறும் மார்போடு அணைத்துக் கொள்ளுங்கள். இதற்குக் கங்காரு முறை என்று பெயர். 1978-இல் கொலம்பியா நாட்டில் தொடங்கினார்கள். குழந்தையைச் சூடாக வைக்கும் பெட்டி அங்கே போதவில்லை. அப்பாவும் செய்யலாம். வெட்கம் எதற்கு?

ஆஷா அக்கா 42 நாளுக்குள் பல முறை வருவார். இரண்டு குழந்தைகளின் எடையையும் தனித்தனியே கேளுங்கள். குழந்தை பால் குடிக்கவில்லையா? உடம்பு சில்லிட்டதா? அவர் வரும்வரை காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.