பந்தோடு ஓடிய தமிழ்

(ஊர்காவற்றுறைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



அரசியல் மேடையில் இன்று ஒரு கிரிக்கெட் வர்ணனையாளரைப் பற்றிப் பேச வந்துள்ளோம். இதில் அரசியல் எங்கே என்று சிலர் வினவலாம். மொழி உள்ள இடத்தில் அரசியலும் உண்டு என்பதே எமது விடை.

சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் 2020 டிசம்பரில், தமது 81ஆவது வயதில் மறைந்தார். ஊரால் அவர் தென்பாண்டிச் சீமைக்காரர். குரலால் நமக்கும் உரியவர். இளமையில் இலங்கை வானொலியின் தமிழ் நாடகங்களில் பழகிய குரல் அது.

1980இல் சென்னை சேப்பாக்கத்தில் தமிழ்நாடும் கேரளமும் மோதிய ரஞ்சிக் கிண்ணப் போட்டி தமிழில் வர்ணிக்கப்பட்டது. ஆங்கிலேயரின் ஆட்டத்துக்குத் தமிழ் ஈடுகொடுக்குமா? பந்து வீசப்படுவதும், துடுப்பில் பட்டு எல்லைக் கோட்டைக் கடப்பதும் சில வினாடிகளே. அங்கே சொல்லைத் தேட நேரமில்லை; சொல் நாவில் ஆயத்தமாக நிற்க வேண்டும். ஜப்பாரும், இராமமூர்த்தி, கூத்தபிரான் முதலியோரும் அதைச் செய்து காட்டினர். ஆங்கிலம் அறியாத உழவனும் தோட்டத்து வரம்பில் நின்றபடி ஆட்டத்தைக் காதாற் கண்டான்.

தோழர்களே, ஓர் ஆண்டை நினைவிற் கொள்ளுங்கள். 1956! அவ்வாண்டில் இங்கே தனிச் சிங்களச் சட்டம் நம் மொழியை அரசாங்க வாசலுக்கு வெளியே நிறுத்திற்று. அதே ஆண்டுச் சட்டம் சென்னை மாநிலத்தில் தமிழை ஆட்சிமொழியாக்கிற்று. ஆனால் அந்தச் சட்டமா கிரிக்கெட்டைத் தமிழில் பேசவைத்தது? இல்லை. கால் நூற்றாண்டு கழித்து, ஒலிவாங்கியின் முன் அமர்ந்த மனிதர்களே பேசவைத்தனர்.

நமக்கும் ஏட்டிலே உரிமை வந்துவிட்டது. 1987இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. 1988இன் பதினாறாவது திருத்தம், வடக்கிலும் கிழக்கிலும் அரச பதிவேடுகள் தமிழிலே பேணப்பட வேண்டுமென்றது. ஆயினும் நெடுந்தீவில் படகேறிக் குறிகட்டுவானில் இறங்கும் விவசாயியின் கையில், அவருக்கு விளங்காத மொழியில் எழுதப்பட்ட கடிதத்தை நாம் கண்டிருக்கிறோம். அதைப் படித்துச் சொல்ல அவர் இன்னொருவரைத் தேடி அலைகிறார். அந்த அலைச்சலுக்கு அரசாங்கம் மட்டுமா பொறுப்பு? ஆங்கிலத்திலே மனு வரையும் நாமும் பொறுப்பாளிகளே!

எனவே சட்டத்தரணிகளே, மருத்துவர்களே, எழுத்தைத் தமிழில் எழுதுவோம். உழவர்களே, விளங்காத கடிதத்தில் கையொப்பமிடாதீர்கள். தமிழில் மறுமொழி கேளுங்கள்; அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை அவ்வுரிமையை உங்களுக்குத் தந்திருக்கிறது. கேளாதவனுக்கு எந்த அலுவலகமும் தானாக வந்து தராது.

ஜப்பார் தமிழைப் புகழ்ந்துகொண்டிருக்கவில்லை. தமிழிலே தம் தொழிலைச் செய்தார். அவருக்கு நாம் செலுத்தும் அஞ்சலியும் அதுவாகவே இருக்கட்டும்.