கோவிவன் ஊர்ப் பக்கம்

திருவண்ணாமலையைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கோயில், கிரிவலம், தீபம் எல்லாம் உங்களுக்கே அத்துப்படி. சாத்தனூர் அணையையும் பள்ளிக்கூடச் சுற்றுலாவிலேயே பார்த்து முடித்திருப்பீர்கள். அதனால் அவற்றை விட்டுவிட்டு, தண்டராம்பட்டு வட்டத்துக் கிராமத்துச் சாலைகளுக்கு உங்களைக் கூட்டிப் போகிறேன். கூட வருகிறவர்கள் இரண்டு பேர்: ராணி, கட்டையன். இரண்டுமே எங்கள் தெருவில் பிறந்த நாய்கள். சாதி நாயா என்று கேட்காதீர்கள், கட்டையனுக்குக் கோபம் வரும்.

நாயோடு காரில் போவதென்றால் பெரிய சாலை கூடாது. லாரி ஹாரனுக்கே அவை பாதி உயிரை விட்டுவிடும். குட்டிச் சாலையில் முப்பது, நாற்பதில் உருட்டிக்கொண்டு போனால், ஜன்னல் கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டால், மூக்கு தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். நமக்கு வெறும் கரும்புத் தோட்டமாகத் தெரிவது அவர்களுக்கு என்னவெல்லாமாகவோ தெரிகிறது. தை மாதம், அறுப்புக் காலம். பாதிச் சாலையில் நெல் காய்கிறது, மீதிப் பாதிதான் நமக்கு. அவசரப்பட்டு ஒன்றும் ஆகப் போவதில்லை.

ஒரு புளியமரத்தடியில் ஓர் அம்மா வேகவைத்த மல்லாட்டை விற்றுக்கொண்டிருந்தார். மல்லாட்டை என்றால் தெரியுமில்லையா? வேர்க்கடலைதான், இந்தப் பக்கத்தில் அப்படிச் சொன்னால்தான் ருசி. சூடாக ஒரு படி வாங்கினேன். நான் உரித்துத் தருவதற்குள் ராணி ஒன்றைக் கவ்வி, முன்பல்லால் நெருக்கி, பருப்பை மட்டும் எடுத்துக்கொண்டு தோலைத் துப்பிவிட்டாள். கட்டையன் தோலோடு விழுங்கிவிட்டு அடுத்ததற்கு நின்றான். "பொட்டைக்குத்தான் பொறுமை" என்றார் அந்த அம்மா. உப்புப் போட்டது என்பதால் நாலைந்துக்கு மேல் கொடுக்கவில்லை. மீதியை நானே தீர்த்தேன், வருத்தமில்லை.

இந்தப் பக்கத்தில் வழி பிரிகிற இடங்களிலும் வயலோரங்களிலும் சில பழைய கற்கள் நிற்கும். வில்லோ வாளோ பிடித்த வீரனைச் செதுக்கியிருப்பார்கள். ஊர்க்காரர்கள் வேடியப்பன் என்று கும்பிடுவார்கள். எல்லாம் நடுகற்கள். செங்கத்து நன்னனைப் பாடிய மலைபடுகடாம் இருக்கிறதே, கூத்தர்களுக்கு வழி சொல்கிற பாட்டு, அதிலேயே கவர்வழிகளில் நிற்கும் நடுகற்கள் வருகின்றன. வழியில் மலைக்காரர்கள் போடும் விருந்தில் நாய் பிடித்த கறியும் உண்டு. 1972-இல் தொல்லியல் துறை 'செங்கம் நடுகற்கள்' என்று தனி நூலே போட்டது.

அந்தக் கற்களில் ஒன்றுக்காகத்தான் நான் இந்தப் பக்கம் வந்தேன். எடுத்தனூர்க் கல். மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு, ஏழாம் நூற்றாண்டு, வட்டெழுத்து. கருந்தேவகத்தி என்ற வீரன் எருமைகளைக் காக்கப் போய் உயிரை விட்டிருக்கிறான். ஆயுதத்தோடு நிற்கிறான், பக்கத்திலேயே ஒரு நாய். இதுவரை மற்ற நடுகற்களைப் போலத்தான். ஆனால் நாய்க்கென்று தனியாக ஒரு வாசகம் வெட்டியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதாம். செத்துப்போன எருமைக்காரன் யாருடைய ஆள், அவர் யாருக்கு உறவு என்று வரிசையாகச் சொல்கிற கல்வெட்டில், நாய்க்கும் பெயர் எழுத இடம் விட்டிருக்கிறார்கள் பாருங்கள்!

எதைக் காத்து நின்றது? எருமைகளையா, விழுந்து கிடந்தவனையா? கல் சொல்லவில்லை. நாய் செத்ததா பிழைத்ததா, அதையும் சொல்லவில்லை. நான் அவனைத்தான் காத்தது என்பேன். நாய் வளர்த்தவர்கள் யாரும் என்னோடு சண்டைக்கு வரமாட்டார்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. இதே மகேந்திரவர்மன் வடமொழியில் 'மத்தவிலாசம்' என்ற அங்கத நாடகம் எழுதியவன். காஞ்சிபுரத்தில் ஒரு காபாலிகன் தன் மண்டையோட்டுக் கிண்ணத்தைத் தொலைத்துவிட்டு ஒரு பௌத்தத் துறவிதான் எடுத்தார் என்று வம்புக்கு இழுப்பான். ஊரே கூடி நியாயம் பேசும். கடைசியில் பார்த்தால், உள்ளே இருந்த வறுத்த கறிக்காக அதைத் தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய்! அரசன் நாடகத்தில் நாய் திருடுகிறது, அவன் ஆட்சியில் நட்ட கல்லிலோ நாய் திருடனைக் கடிக்கிறது. கோவிவன் சங்கதி காஞ்சிபுரம் வரை அரசன் காதுக்குப் போயிருக்குமா? போயிருக்காது. எருமைக்காரன் செய்தி அரண்மனைக்கு எங்கே போகிறது?

கோழிக்கும் கல் உண்டு தெரியுமா? விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில், சண்டைக் கோழி ஒன்றுக்கு. அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம், நேரம் ஓடுகிறது. எங்கே விட்டேன்? ஆமாம், கட்டையன். ஒரு வேடியப்பன் பக்கம் வண்டியை நிறுத்தினேன். அவன் இறங்கியதும் கல்லை மோந்து பார்த்துவிட்டுக் காலைத் தூக்கத் தயாரானான். நல்லவேளை, வார் என் கையில் இருந்தது. பக்கத்து வேப்பமரம் வாங்கிக்கொண்டது. ஊர் நாய்கள் நாலு தூரத்தில் நின்று ஒரு பாட்டம் குரைத்துவிட்டு, இவர்கள் வெளியூர் என்று தெரிந்ததும் போய்விட்டன.

போக நினைக்கிறவர்களுக்கு நாலு வார்த்தை. கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே நாய்க்குச் சாப்பாடு கொடுத்துவிடுங்கள், வயிறு நிறைந்திருந்தால் வளைவுகளில் வாந்திதான். கதவைத் திறக்கும் முன் வாரைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஆட்டு மந்தை எந்தத் திருப்பத்திலும் வரும். டீ குடிக்க இறங்கினால் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள், ஐந்து நிமிடம் என்றாலும் வேண்டாம். தார்ச் சாலையில் இறக்கும் முன் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள், நீங்கள் கையை எடுத்துவிட்டால் அவர்களும் நடக்கக் கூடாது. மாசிக்குள் போய் வந்துவிடுங்கள். பங்குனி பிறந்தால் அந்தப் பக்கத்து வெயில் நாய்க்கு ஆகாது, நமக்கும்தான்.