ஆற்று வண்டலில் உறையும் நஞ்சு

(உரையின் எழுத்து வடிவம்)

ஓர் ஆறு மாசடைந்துள்ளதா என்பதை அறிய, அதன் நீரை மொண்டு சோதிப்பதே பொதுவான வழக்கம். நீரில் கரைந்துள்ள பிராணவாயு, உப்பின் அளவு, அமிலத்தன்மை ஆகியவை அளந்து குறிக்கப்படுகின்றன. ஆனால், இன்று மொண்ட நீர் நாளை அவ்விடத்தில் இருப்பதில்லை. நள்ளிரவில் ஒரு ஆலையின் கழிவு திறந்துவிடப்பட்டு, விடிவதற்குள் ஓட்டத்தோடு கடந்துவிட்டால், காலையில் எடுக்கப்படும் நீர் தூய்மையானதாகவே தோன்றும். ஆற்றின் அடியில் படியும் வண்டல் அவ்வளவு எளிதில் ஓடிவிடுவதில்லை. பல ஆண்டுகளில் ஆற்றில் சேர்ந்தவற்றை அது தன்னகத்தே தாங்கி நிற்கிறது. நீரைச் சோதித்தால் ஆற்றின் அன்றைய நிலை தெரியும். வண்டலைச் சோதித்தால் அதன் வரலாறு தெரியும்.

இந்த வேறுபாடு ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் உரியதன்று. ஏரிகளிலும் அணைகளிலும் தூர் வாரி, அந்த வண்டலை வயலுக்கு இடுவது தென்னாட்டு வேளாண்மையின் தொன்மையான வழக்கம். ஏரி வண்டலை விவசாயிகள் கட்டணமின்றி எடுத்துச் செல்லத் தமிழக அரசு 2017-இல் வழிவகுத்தது. நல்ல வண்டல் நிலத்துக்கு உரமாகும். நஞ்சு கலந்த வண்டலும் அதே வண்டியில் ஏறி அதே வயலுக்கு வந்து சேரக்கூடும். இரண்டையும் கண்ணால் பிரித்தறிய இயலாது என்பதே இங்குள்ள இடர்ப்பாடு.

எல்லையில் ஓர் ஆறு

பாலக்காட்டுக் கணவாயில், கேரளமும் தமிழகமும் சந்திக்கும் இடத்தில் அமைந்தது வாளையார். அப்பெயர் கொண்ட ஆறு கல்பாத்திப் புழையின் கிளைகளுள் ஒன்று. கல்பாத்திப் புழை பறளி என்னுமிடத்தில் கண்ணாடிப் புழையுடன் கூடிப் பாரதப்புழையாகி, அரபிக் கடலை அடைகிறது. வாளையாருக்குக் கிழக்கே கோவைச் சமவெளியில் பெய்யும் மழையோ நொய்யல் வழியாகக் காவிரியைச் சேர்கிறது. இரு கடல்களை நோக்கி நீர் பிரியும் பகுதிக்கு அருகில் இவ்வூர் இருக்கிறது எனலாம்.

வாளையாற்றின் குறுக்கே கட்டப்பட்ட அணை 1964-இல் நிறைவுற்றது. இப்பகுதியில் மாநில அரசின் மலபார் சிமெண்ட் ஆலை 1984-இல் உற்பத்தியைத் தொடங்கியது. மேற்கே சிறிது தொலைவில் உள்ள கஞ்சிக்கோடு, கேரளத்தின் முக்கியமான தொழிற்பகுதிகளுள் ஒன்றாக வளர்ந்துள்ளது. இவற்றின் ஊடே கோவையையும் பாலக்காட்டையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை செல்கிறது. சரக்கு சேவை வரி 2017-இல் நடைமுறைக்கு வரும் வரை, வாளையார் சோதனைச் சாவடியில் லாரிகள் நீண்ட வரிசையில் காத்து நிற்பது அன்றாடக் காட்சியாக இருந்தது.

இவற்றைக் கொண்டு வாளையாறு நஞ்சேறிவிட்டது என்று முடிவு கட்டுவது முறையாகாது. ஆயினும், எவற்றைத் தேட வேண்டும் என்பதை இவை உணர்த்துகின்றன. வாகனங்களின் டயர் தேய்மானத்தில் துத்தநாகமும், பிரேக் தேய்மானத்தில் செம்பும் வெளிப்படுகின்றன. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு வரை பெட்ரோலில் ஈயம் கலக்கப்பட்டது. அந்த ஈயம் புகையோடு வெளியேறிச் சாலையோர மண்ணில் படிந்தது. உலோக உருக்காலைகள், முலாம் பூசும் பட்டறைகள் ஆகியவற்றின் கழிவில் காட்மியம், குரோமியம், நிக்கல் போன்றவை கலந்திருக்க வாய்ப்புண்டு. நெல் வயல்களிலிருந்து பூச்சிகொல்லிகள் மழைநீரோடு வந்து சேர்கின்றன.

வண்டலில் நஞ்சு தங்கும் விதம்

ஆற்று மணலும் களியும் ஒன்றல்ல. மணற்பருக்கை பெரியது, அதன் மேற்பரப்பு குறைவு. களித் துகளோ மிக நுண்ணியது. ஒரு பிடி களியின் மொத்த மேற்பரப்பு அதே எடையுள்ள மணலைக் காட்டிலும் பன்மடங்கு அதிகம். களித்துகள்களின் மீது எதிர் மின்னூட்டம் இருப்பதால், நேர் மின்னூட்டம் கொண்ட உலோக அயனிகள் அவற்றில் ஒட்டிக்கொள்கின்றன. துகள்களின் மேல் படரும் இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளும் உலோகங்களைப் பற்றிக்கொள்கின்றன. டி.டி.டி. போன்ற குளோரின் சேர்ந்த கரிமப் பொருள்கள் நீரில் எளிதில் கரைவதில்லை. அவை மட்கிய இலை தழைகளின் பகுதியை நாடிச் சேர்கின்றன. எனவேதான் ஓட்டம் தணியும் அணைத் தேக்கங்களிலும், ஆற்றின் வளைவுகளிலும், கழிமுகங்களிலும் நஞ்சு மிகுதியாகக் காணப்படுகிறது.

அவ்வாறு தங்கியது என்றென்றும் அடங்கிக் கிடப்பதில்லை. நீர் அமிலத்தன்மை அடைந்தால் உலோகங்கள் களியை விட்டுப் பிரிந்து மீண்டும் கரைகின்றன. அடியில் பிராணவாயு அற்றுப்போகும்போது இரும்பு ஆக்சைடுகள் கரைந்து, அவை பற்றியிருந்தவற்றை விடுவிக்கின்றன. பெருவெள்ளமும், மணல் அள்ளுதலும், தூர் வாருதலும் அடிமண்ணைக் கலக்கி மேலே கொண்டுவருகின்றன. ஆலையை மூடிய பிறகும் ஆற்றில் மாசு நீடிப்பதற்கு இதுவே காரணம்.

கண்டறியும் முறை

ஆய்வில் முதற்படி மாதிரி எடுத்தல். மேல் வண்டலை அள்ளும் கருவியும், அடுக்குக் குலையாமல் மண்ணை எடுக்கும் நீண்ட குழாயும் பயன்படுகின்றன. பூச்சிகொல்லிச் சோதனைக்கான மாதிரி கண்ணாடிக் குப்பியிலும், உலோகச் சோதனைக்கானது தூய பிளாஸ்டிக் குப்பியிலும் இடப்படும். இரண்டும் குளிரில் பாதுகாக்கப்பட வேண்டும். வெவ்வேறு இடங்களின் மண்ணை ஒப்பிட, 63 மைக்ரானுக்கும் நுண்ணிய பகுதியைச் சலித்து எடுத்துச் சோதிப்பது வழக்கம். இல்லையேல் மணல் மிகுந்த இடம் தூயதாகவும், களி மிகுந்த இடம் மாசுற்றதாகவும் தவறாகத் தோன்றும்.

உலோகங்களை அமிலத்தில் கரைத்து, அணு உறிஞ்சல் முறையில் இயங்கும் நிறமாலைக் கருவியால் அளக்கின்றனர். பூச்சிகொல்லிகளைக் கரைப்பானில் பிரித்தெடுத்து, வாயு குரோமட்டோகிராப் கருவியால் ஒவ்வொன்றாக இனங்காண்கின்றனர். டி.டி.டி. நாளடைவில் சிதைந்து டி.டி.இ., டி.டி.டி.யை ஒத்த வேறு பொருள்கள் என மாறுகிறது. மூலப்பொருள் மிகுந்திருப்பின் மாசு அண்மையில் கலந்தது. சிதைவுப் பொருள்கள் மிகுந்திருப்பின் அது பழையது என்று உய்த்துணரலாம்.

உலோகம் இருப்பது மட்டுமே மாசுக்குச் சான்றாகாது. பாறைகளிலேயே இயற்கையாக உலோகங்கள் உள்ளன. ஆகவே, மனித நடவடிக்கை குறைந்த மேற்பகுதியிலிருந்தோ, ஆழமான பழைய அடுக்கிலிருந்தோ இயற்கை அளவை முதலில் நிறுவ வேண்டும். அடுத்து, உயிரினங்களுக்கு ஊறு தரும் அளவோடு ஒப்பிட வேண்டும். அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு வெளியான நன்னீர் வண்டல் வழிகாட்டு அளவுகளின்படி, ஒரு கிலோகிராம் உலர்ந்த வண்டலில் காட்மியம் 0.99 மில்லிகிராமுக்கும், ஈயம் 35.8 மில்லிகிராமுக்கும் குறைவாக இருந்தால் தீங்கு நேர வாய்ப்பில்லை, காட்மியம் 4.98, ஈயம் 128 மில்லிகிராமைத் தாண்டினால் தீங்கு நேர்வது பெரும்பாலும் உறுதி.

உயிரினங்களின் மீது விளைவு

வண்டலில் வாழும் புழுக்களும், நத்தைகளும், கொசுவைப் போன்ற சிறு பூச்சிகளின் இளம் புழுக்களும் முதலில் பாதிக்கப்படுகின்றன. உலோகம் மிகுந்த சேற்றில் வளரும் இளம் புழுக்களின் வாயுறுப்புகள் உருக்குலைவதை நுண்ணோக்கியில் காணலாம். இவற்றை உண்ணும் மீனிலும், மீனை உண்ணும் நீர்க்காகத்திலும், கொழுப்பில் கரையும் நஞ்சு படிப்படியாகச் செறிவடைகிறது. டி.டி.இ. பறவைகளின் முட்டை ஓட்டை மெலியச் செய்து, அடைகாக்கும்போதே உடைந்துபோகச் செய்கிறது. பிராணவாயு அற்ற சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் பாதரசத்தை மெதில் பாதரசமாக மாற்றுகின்றன. அது மீன் வழியாக மனிதரின் நரம்பு மண்டலத்தை எட்டுகிறது.

அனுபவங்கள் கற்பிப்பவை

வாளையாருக்குக் கிழக்கே, நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் பாசனத்துக்கெனத் திறக்கப்பட்டது. திருப்பூர்ச் சாயத் தொழிலின் கழிவுநீர் அதில் தேங்கியதால், பாசனத்துக்கென எழுந்த அணையே பாசனத்துக்குக் கேடாயிற்று. கீழ்ப்பகுதி விவசாயிகள் நீதிமன்றத்தை நாடினர். கழிவுநீரை முற்றிலும் மறுசுழற்சி செய்ய வேண்டும் என்னும் நிபந்தனையை நிறைவேற்றாத நிலையில், சாய ஆலைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. ஆலை வாயிலில் கழிவை நிறுத்துவது முதற்பணி. அணையின் அடியில் ஏற்கெனவே படிந்ததை என் செய்வது என்பது தனிப் பணி.

மேற்கே, பெரியாற்றின் கரையில் உள்ள ஏலூரில் டி.டி.டி., எண்டோசல்பான் ஆகியவற்றைத் தயாரித்து வந்த ஆலைக்கு அருகே ஓடும் குழிக்கண்டம் தோட்டின் வண்டலை கிரீன்பீஸ் அமைப்பு 1999-இல் ஆராய்ந்தது. அதில் நூற்றுக்கும் மேற்பட்ட கரிமச் சேர்மங்கள் காணப்பட்டன. நீரை மட்டும் சோதித்திருந்தால் இவற்றுட் பல புலப்பட்டிரா.

வாளையாருக்குத் தெற்கே, சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த பிளாச்சிமடையில் 2000 முதல் 2004 வரை இயங்கிய கோக்கோ கோலா ஆலையின் கழிவுச்சேறு விவசாயிகளுக்கு உரமென வழங்கப்பட்டது. பி.பி.சி. வானொலி 2003-இல் அச்சேற்றை இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தில் சோதிக்கச் செய்தபோது, அதில் காட்மியமும் ஈயமும் இருப்பது தெரியவந்தது. இது ஆற்று வண்டல் அன்று. எனினும், சோதிக்கப்படாத சேற்றை உரமென ஏற்பதன் ஆபத்தை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் நிகழ்ச்சி இப்பகுதியில் வேறில்லை.

காலம் கடந்து விழிப்பதன் விலையை ஜப்பான் அறியும். மினமாட்டா நோய் 1956-இல் வெளிப்பட்டது. வளைகுடாவின் பாதரசச் சேற்றை அப்புறப்படுத்தும் பணி 1977-இல் தொடங்கி 1990-இல்தான் முடிவுற்றது. ஏறத்தாழ 15 லட்சம் கன மீட்டர் சேறு அவ்வாறு அகற்றி அடைக்கப்பட்டது.

செய்யத்தக்கவை

நம் நாட்டில் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-இல் இயற்றப்பட்டது. மத்திய வாரியம் ஆற்றுநீரைப் பயன்பாட்டுக்கேற்ப ஐந்து வகுப்புகளாகப் பிரித்துள்ளது. பிராணவாயு, கோலிபார்ம் கிருமிகள், அமிலத்தன்மை, உப்பு முதலியவை அவ்வகுப்புகளுக்கு அளவுகோல்கள். வண்டலுக்கு அவற்றில் இடமில்லை. இக்குறையை ஈடு செய்யப் பெரும் பொருட்செலவு தேவையில்லை.

முதலாவதாக, வாளையார் அணையின் அடிவண்டலைக் குழாய் மூலம் அடுக்குக் குலையாமல் எடுத்து ஆராயலாம். அணுகுண்டுச் சோதனைகளால் உலகெங்கும் படிந்த சீசியம்-137, 1963-இல் உச்சத்தை எட்டியது. அணை முடிவுற்றது அதற்கு அடுத்த ஆண்டு. ஆகவே, அடி அடுக்கில் சீசியம் மிகுந்தும் மேலே குறைந்தும் காணப்படும். சுமார் 22 ஆண்டுகளில் பாதியாகக் குறையும் ஈயம்-210 இடையிலுள்ள காலத்தைக் கணிக்க உதவும். ஆலை வருமுன் இருந்த நிலை, ஈயம் கலந்த பெட்ரோலின் காலம், அது நின்ற பின் ஏற்பட்ட மாற்றம் ஆகிய அனைத்தும் அடுக்கடுக்காகப் புலப்படக்கூடும்.

இரண்டாவதாக, தொழிற்பகுதிக்குக் கீழே உள்ள எந்த நீர்நிலையிலும் தூர் வாருமுன் வண்டலைச் சோதிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். சோதனையில் தேறியது வயலுக்கும், தேறாதது பாதுகாப்பான கிடங்குக்கும் செல்ல வேண்டும். சோதனை முடிவு ஊராட்சி அலுவலகப் பலகையில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதப்பட வேண்டும்.

மூன்றாவதாக, ஒரே வடிநிலத்தைப் பகிர்ந்துகொள்ளும் இரு மாநில வாரியங்களும் ஒரே முறையில், ஒரே பருவத்தில் மாதிரிகளை எடுத்து, முடிவுகளைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். பாரதப்புழையின் வடிநிலத்தில் ஒரு பகுதி தமிழகத்தில் உள்ளது; சோதனைச் சாவடி லாரியை நிறுத்தியதேயன்றி ஆற்றை நிறுத்தியதில்லை. கோவை, பாலக்காட்டுக் கல்லூரிகளின் வேதியியல், விலங்கியல் மாணவர்கள் மாதிரி எடுத்தல், சலித்தல், புழுக்களை எண்ணுதல் ஆகிய பணிகளில் துணை நிற்கலாம்.

வண்டல் ஏழை விவசாயிக்கு விலையின்றிக் கிடைக்கும் உரம். அவர் அதை நம்பி வயலில் இடுகிறார். அந்த நம்பிக்கைக்குரியதாக அது இருக்கிறதா என்பதை அவர் வண்டி பூட்டுமுன் சோதித்துச் சொல்வது, அதற்கான கருவியும் கல்வியும் உடையவர்களின் கடமையாகும்.