பழைய நோயைப் புதிய டாக்டரிடம் சொல்லுங்கள்



பகாவ், ரந்தாவ், லிங்கி வட்டாரத் தோட்டங்களில் தலைவலியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பால் மரம் வெட்டியவரும் செம்பனைக் குலை தூக்கியவரும் தைலம் தடவிக்கொண்டு, மறுநாள் வேலைக்குப் போய்விடுவார்கள். பலருக்கு அது சரிதான். ஆனால் முன்பு இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர் அப்படி இருக்கக்கூடாது.

காரணம் இதுதான். இரத்தத்திற்கும் மூளைக்கும் இடையே இயற்கையான தடுப்பு ஒன்று உண்டு. புற்றுநோய் மருந்துகள் பலவற்றை அது உள்ளே விடுவதில்லை. உடலெங்கும் நோயணுக்கள் அழிந்தாலும் அங்கே சில தப்பிவிடலாம். 1960களில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில், செயிண்ட் ஜூட் மருத்துவமனையின் டாக்டர் டொனால்ட் பிங்கல் மூளைக்கும் சேர்த்துச் சிகிச்சை அளித்தார். அதன்பின் ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் பிழைத்தார்கள். இன்றும் முதுகுத்தண்டு வழியே செலுத்தப்படும் மெத்தோடிரெக்சேட் மருந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான குழு 1940களில் அமெரிக்காவில் உருவாக்கியதாகும்.

இருந்தும் சிலருக்கு நோய் மூளையில் திரும்புகிறது. அபூர்வமாக, அந்த அணுக்கள் மூளை உறையில் கட்டியாகத் திரளும். ஸ்கேன் படத்தில் அது மெனிஞ்சியோமா போலவே தெரியும். மெனிஞ்சியோமா பெரும்பாலும் மெதுவாக வளரும் சாதாரணக் கட்டி. சிறியதாக இருந்தால் கவனித்து வரலாம். பெரிதானால் அறுவை செய்து எடுக்கலாம். திரும்பிய இரத்தப் புற்றுநோய்க்கோ அறுவை மட்டும் போதாது. மருந்தோ கதிர்வீச்சோ தாமதமின்றித் தேவைப்படும். சிறுவயதில் தலைக்குக் கதிர்வீச்சு பெற்றவருக்குப் பல ஆண்டுகள் கழித்து உண்மையான மெனிஞ்சியோமாவும் வரக்கூடும். ஆகவே, சந்தேகம் இருந்தால் திசுப் பரிசோதனையே முடிவு சொல்லும்.

அந்தச் சந்தேகம் டாக்டருக்கு வரவேண்டுமானால், பழைய நோய் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்று தோட்டத்து டிரஸ்ஸருக்கு ஒவ்வொரு வீட்டு நோயும் தெரியும். தோட்டம் விற்கப்பட்டு, குடும்பம் சிரம்பான் பக்கம் அடுக்குமாடிக்கு வந்த பிறகு, புதிய கிளினிக்கில் யாருக்குத் தெரியும்? மகளுக்கு வரன் அமையாதே என்று பெற்றோரும் மறைக்கிறார்கள். அவர்களின் அச்சம் புரிகிறது. ஊருக்குச் சொல்ல வேண்டாம். டாக்டருக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

பழைய மருத்துவ அட்டையைப் பத்திரமாக வையுங்கள். விடாத தலைவலி, காலை வாந்தி, இரட்டைப் பார்வை, வலிப்பு, முகம் கோணுதல் இவற்றில் எது வந்தாலும் அந்த அட்டையோடு மருத்துவமனைக்குப் போங்கள்.