புதுக் காய்ச்சலும் நம் பேணுதலும்

(ஜும்ஆப் பேருரையின் சுருக்கம்)

 

2009 ஏப்ரலில் மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் எச்1என்1 என்னும் புதிய காய்ச்சல் கிருமி கண்டறியப்பட்டது. ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் அதனை உலகளாவிய கொள்ளைநோயாக அறிவித்தது. ஆகஸ்டில் புனே நகரில் நம் நாட்டின் முதல் உயிரிழப்பு நேர்ந்தது. 2010 ஆகஸ்ட் 10 அன்று கொள்ளைநோய்க் கட்டம் முடிந்ததாக அறிவித்தார்கள். ஆனால் கிருமி அகலவில்லை. பருவந்தோறும் வரும் காய்ச்சல்களுள் ஒன்றாக அது நம்மிடையே தங்கிவிட்டது.

பன்றிக் காய்ச்சல் என்னும் பெயர் நம்மில் சிலரை ஏமாற்றிவிட்டது. 'ஹராமான அந்த இறைச்சியை நாம் தொடுவதே இல்லை. நமக்கு எப்படி வரும்?' என்பார்கள். அன்பர்களே! இது இறைச்சி உண்பதால் வரும் நோயன்று. மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவது. இருமலிலும் தும்மலிலும் தெறிக்கும் துளிகள், அவை பட்ட கைகள், இவையே அதன் வழி. தோளோடு தோள் சேர்ந்து ஸஃப்பில் நிற்கும் நாம்தாம் கூடுதல் கவனம் கொள்ள வேண்டியவர்கள்.

அல்லாஹ்வின் மீது பாரம் சாட்டிவிட்டுப் பேணுதலைக் கைவிடுவது தவக்குல் ஆகாது. ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியிருப்பதை ஸர்ஃக் என்னுமிடத்தில் அறிந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள், ஸஹாபாக்களுடன் ஆலோசித்துத் திரும்பிவிட்டார்கள். விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று கேட்கப்பட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்னும் கருத்தில் விடையளித்தார்கள்.

பச்சைப் பூண்டு உண்டவர் வாடையோடு பள்ளிக்கு வர வேண்டாம் என்று தடுத்த மார்க்கம் நம்முடையது. வாடைக்கே இவ்வளவு என்றால், உயிருக்கே கேடு தரும் நோய்க்கு எவ்வளவு! ஆகவே காய்ச்சலும் இருமலும் கண்டவர் வீட்டிலேயே தொழுதுகொள்ளட்டும். ஜும்ஆவை விடுவதற்கு நோய் தக்க காரணமே. உடல்நலத்தோடு இருந்தபோது செய்துவந்த அமலின் நன்மை நோயாளிக்கும் எழுதப்படும் என்பது ஹதீஸ் தரும் நற்செய்தி.

தும்மும்போது முகத்தை மூடுவது நாயகம் (ஸல்) அவர்களின் வழக்கம். இருமும்போதும் கைக்குட்டையாலோ முழங்கை மடிப்பாலோ வாயையும் மூக்கையும் மூடுவோம். ஒளுச் செய்வது தூய்மையே. எனினும் இருமிய கையைச் சோப்பினால் இருபது வினாடியேனும் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். ஹவுளருகே தொங்கும் பொதுத்துண்டைத் தவிர்த்து, அவரவர் துண்டைக் கொண்டுவருவோம். சளி பிடித்தவர் முஸாஃபஹா செய்யாமல், வாயால் ஸலாம் சொன்னாலே போதும்.

கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியோர், சர்க்கரை நோயும் ஆஸ்துமாவும் உள்ளோர் ஆகியோருக்குக் காய்ச்சல் கண்டால் தாமதமின்றி மருத்துவரிடம் செல்க. இதற்குரிய ஒசெல்டாமிவிர் மருந்து, நோய் தொடங்கிய 48 மணி நேரத்திற்குள் கொடுத்தால் நன்கு பயன் தரும். மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் இக்கிருமியைக் கொல்லாது. மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ கண்டால், ஓதிப்பார்ப்பதோடு நின்றுவிடாமல் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். கிருமி உருமாறிக்கொண்டே இருப்பதால் தடுப்பூசியை ஆண்டுதோறும் போட்டுக்கொள்ள வேண்டும்.

நம் இருமலால் அடுத்த வீட்டு முதியவர் படுக்கையில் விழுந்தால், அதுவும் அண்டை வீட்டாரின் ஹக்கில் நாம் செய்த குறையே. அத்தகைய குறையிலிருந்து நம்மைக் காத்து, நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவை அளிப்பானாக! ஆமீன்.