கோயிலும் குடியிருப்பும்



'கோயில்' என்னும் சொல்லைக் கோ, இல் எனப் பிரித்துப் பொருள் கொள்வது மரபு. அரசன் மனையைச் சுட்டிய சொல், இறைவன் உறையும் இடத்திற்கும் ஆகிவந்தது. தமிழ்க் கிறித்தவரும் தம் ஆலயத்தைக் கோயில் என்று வழங்குதல் உண்டு. சொல்லுக்குள்ளேயே இல் இருத்தலின், வழிபாடு நின்ற ஆலயத்தில் மக்கள் குடியேறுவது தமிழ்ச் செவிக்கு அயலான செய்தியாகாது. அவ்வில் எவர்க்கு உரியது என்பதே வினா.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரை ஒட்டிய ஊர் புரூக்லைன். அங்குள்ள புனித எய்டன் ஆலயத்தை வடிவமைத்தது மகின்னிஸ்-வால்ஷ் என்னும் கட்டடக் கலை நிறுவனம். பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜான் கென்னடி, குழந்தையாக 1917ஆம் ஆண்டு ஜூன் திங்களில் திருமுழுக்குப் பெற்றது இங்கேதான். 1999இல் ஆலயம் மூடப்பட்டது.

நிலம் அப்போது பாஸ்டன் உயர்மறைமாவட்டத்துக்கு உரியதாயிருந்தது. வீட்டு விலை மிக உயர்ந்த அவ்வூரில் எளிய வருவாயினர்க்கு வீடு கட்ட அது முன்வந்தது. ஆலயத்தை இடித்து நிறைய வீடுகள் எழுப்புவதே முதல் எண்ணம். மரபைக் காப்போரும் அண்டை வீட்டாரும் எதிர்த்தனர். வழக்கும் நடந்தது. அவ்வெதிர்ப்பில் பழமைப்பற்று எவ்வளவு, புதியவர் வரவை விரும்பாமை எவ்வளவு என்று பிரித்தறிதல் அரிது. பல ஆண்டுகள் கழிந்தபின் ஆலயம் நின்றது. வீடுகளின் எண்ணிக்கை குறைந்தது.

2009ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற அவ்வளாகத்தில் 59 வீடுகள். அவற்றுள் 36 வீடுகள் குறைந்த, இடைநிலை வருவாயினர்க்கு உரியவை. சில வாடகைக்கு, சில விலைக்கு. ஆயின் ஆலயத்தின் பழஞ்சுவர்களுக்குள் அமைந்த ஒன்பது வீடுகளும் சந்தை விலைக்கே விற்கப்பட்டன. எளியோர்க்கு வீடாகியது ஆலயமன்று, அதனைச் சூழ்ந்த நிலம் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இதனை வஞ்சகம் என்று ஒதுக்குவது எளிது. காரணம் கட்டடத்திலேயே உள்ளது. ஆலயத்தின் நெடுங்கூடம் ஒரே வெளியாக உயர்ந்து நிற்பது. அதனுள் தளங்களை இடையிட்டால் நெடிய சாளரங்கள் குறுக்கே வெட்டுண்ணும். வண்ணக் கண்ணாடி ஒளி தரும். திறந்து காற்று வாங்க உதவாது. ஒவ்வொரு வீட்டுக்கும் சமையலறை, குளியலறை, நெருப்பு நேர்ந்தால் வெளியேறும் படிக்கட்டு, குளிர்காலச் சூடு இவையனைத்தும் புதிதாக வேண்டும். கவிஞர்கள் சாளரத்தைப் பாடுவர், குழாயைப் பாடார். செலவோ குழாயிலும் படிக்கட்டிலும்தான் பெருகும். அச்செலவை ஏற்கும் வளமுடையோரை உள்ளே வைத்துப் பழைய கட்டடத்தைக் காத்தனர். பொதுப் பணத்தைத் துணைகொண்டு எளியோர்க்கு அருகே புதிய கட்டடம் எழுப்பினர். வேறு வழி இருந்ததெனச் சொல்வோர் அதன் கணக்கையும் காட்டுதல் வேண்டும்.

ஆயினும் ஆலயத்தின் பெயர் நெஞ்சை உறுத்துகிறது. எய்டன் ஏழாம் நூற்றாண்டின் அயர்லாந்துத் துறவி. வட இங்கிலாந்தில் ஆயராக விளங்கியவர். செல்வர் அளித்த பொருளைக் கொண்டு அடிமைகளை மீட்டவர் என்று பீட் என்னும் வரலாற்றாசிரியர் எழுதுகிறார். ஆற்றைக் கடக்கவும் நெடுவழி செல்லவும் ஓசுவின் மன்னன் அவருக்கு அரச அணிகள் பூட்டிய நற்குதிரை ஒன்றைத் தந்தானாம். வழியில் இரந்து நின்ற ஒருவனுக்கு அதனை அணிகளோடும் கொடுத்துவிட்டார் எய்டன். எளியவனுக்கு எளிய குதிரை போதாதா என்று மன்னன் வினவினான்.