கவர்ச்சி யாரிடம் இருக்கிறது?



தலைவன் தொண்டனை மயக்குகிறான் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஜெர்மானிய சமூகவியல் அறிஞர் மாக்ஸ் வெபர் பார்வை வேறு. பின்பற்றுகிறவர்கள் தலைவனை எப்படிக் காண்கிறார்கள் என்பதில்தான் கவர்ச்சி இருக்கிறது என்றார் அவர்.

நம்ம எம்.ஜி.ஆரையே எடுத்துக்குங்க. 1967 ஜனவரி 12 அன்று சுடப்பட்டார். ஊர் ஊராகப் போனது அவரல்ல, கழுத்துக் கட்டோடு ஆஸ்பத்திரியில் இருந்த அவர் படம். பரங்கிமலையில் ஜெயித்தார். குரல் தெளிவிழந்தது. மேடைப் பேச்சால் வளர்ந்த கழகத்தில் வேறொருவருக்கு அதோடு கதை முடிந்திருக்கும். ஜனங்களுக்கோ அந்தக் குழறல், 'நம்மாளு பிழைச்சு வந்துட்டாரு' என்றே காதில் விழுந்தது. 1984ல் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தபடியே ஆண்டிபட்டியில் வென்றார். (இந்திரா காந்தி மறைவின் அனுதாபமும் கூட்டணிக்கு உதவியது, உண்மைதான்.)

படிக்காத ஜனங்கன்னு சிரிக்காதீங்க, தம்பிகளா. 1982ல் வந்த சத்துணவைத் தன் பிள்ளை சாப்பிடுவதைப் பார்த்த தாய்க்கு அது வெறும் சினிமா மயக்கமல்ல.

எனக்குக் கவலை தருவது வேறு. தலைவனிடம் நல்லதைக் காணப் பழகிய மனசு, கெட்டது நடந்தால் காரணத்தையும் தானே தேடித் தருகிறது: 'அவர் நல்லவர், கூட இருக்கிறவங்கதான் சரியில்லை.' எந்தக் கட்சித் தொண்டரும் சொல்கிற வசனம் இது. நேற்று இரவு விடுதியில் இரண்டு டாக்டர்களும் ஒரு பேங்க் மேனேஜரும் தத்தம் தலைவருக்காக இதையேதான் சொல்லிச் சண்டை போட்டார்கள். மூவரும் நம்ம செட்டுதான்.